நீட்டக்கை வீட்டுப் பிள்ளைக்கு

எய்யா சங்கரலிங்கம்,

மெட்ராஸில் ஆபீஸுக்குப் போகிற அவசரத்தில் இதைப் பிரித்து, வழக்கம்போல முதல் நாலு வரியையும் கடைசி நாலு வரியையும் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் செருகிவிடாதே. உட்கார்ந்து வாசி. தை மாதம் உனக்குக் கல்யாணம். அதற்கு முன்னால் சுந்தரபாண்டியபுரத்துப் பிள்ளை கோமதிக்கு உன் உடம்பில் இருக்கிற விஷயம் தெரிந்தாக வேண்டும். "கல்யாணம் முடியட்டும்மா, பொறவு நானே சொல்லிக்கிடுதேன்" என்று போன தடவை வந்தபோது சொன்னாய். நான் வாயைத் திறக்கவில்லை. அம்மா சம்மதித்துவிட்டாள் என்று நிம்மதியாக ரயிலேறியிருப்பாய். பெற்றவளைப் பற்றி நீ இன்னும் சரியாகத் தெரிந்துகொள்ளவில்லை. இந்தக் கடிதத்தை யார் வாசித்தாலும் எனக்குக் கவலை கிடையாது. உன் அறையில் கூட இருக்கிற பையன் வாசிக்கட்டும், இங்கே உன் அத்தை யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்கட்டும். ஒளித்து வைத்து ஒளித்து வைத்துத்தான் நம் வீட்டில் இத்தனையும் நடந்தது.

வீரகேரளம்புதூரிலிருந்து இந்த வீட்டுக்கு நான் வந்தபோது எனக்குப் பதினேழு வயது. எட்டாவது வரை படித்தவள், கணக்கில் கெட்டி, வாய் கொஞ்சம் நீளம். பெண் பார்க்க வந்தவள் உன் அத்தை. சின்ன வயதிலேயே தாலியறுத்துப் பிறந்த வீட்டுக்குத் திரும்பி, தாய் தகப்பன் இல்லாத தம்பிகள் இரண்டு பேரையும் வளர்த்து ஆளாக்கியவள். மாப்பிள்ளையைப் பற்றி என் அப்பா கேட்டபோது அவள் சம்பளத்தைச் சொல்லவில்லை, கீழப்பாவூர் வயலையும் சொல்லவில்லை. "எங்க வீட்டு ஆம்பிளைங்க கையப் பாத்திருக்கேளா? நீட்டக்கை வீடுன்னு கேட்டா கீழப்பாவூர்ல சின்னப் பிள்ளையும் வழி சொல்லும்" என்றாள். நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முழங்கால் பக்கம் போகும், அது ராஜ லட்சணம், போலீஸில் ஆளெடுத்தபோது உயரம் பார்க்கிறவர் முக்காலி போட்டு ஏறித்தான் அளந்தார் என்றெல்லாம் சொன்னாள். என் அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவங்க தகப்பனாரு எதுல தவறினாரு?" என்றார். "காய்ச்சல்" என்றாள் உன் அத்தை. அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. உன் தாத்தா நெல்லுக்கட்டைத் தூக்கித் தலையில் வைத்தவர், முதுகைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே போனார் என்பது கல்யாணமாகி வெகு நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிய வந்தது.

ஆனால் அந்தக் கை எனக்குப் பிடித்திருந்தது. இதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் எழுதுவது பொய்யாகிவிடும். உன் அப்பா என் தோளுக்குக் கீழே பிடித்தால் விரல்கள் சுற்றி வந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். வெளியே நின்றபடியே மதிலுக்கு மேல் கையை விட்டு உள்தாழ்ப்பாளைத் திறப்பார். தென்காசிக் கோயிலில் மொட்டைக் கோபுரத்துக்கு எதிரே பூ விற்கிற பொம்பளையிடம் போய், "நீ அளக்காத, என் கையால ஒரு முழம் குடு" என்பார். அவள், "ஏட்டையா, ஒங்க முழத்துக்கு வித்தா எம்பிள்ளைங்க பட்டினிதான்" என்று அழாக்குறையாகச் சொல்வாள். அவர் சிரித்துக்கொண்டே அவள் கையால் அளந்ததையே வாங்கி வருவார். ஒவ்வொரு தடவையும் இதே பேச்சு, இதே சிரிப்பு. நானும் பக்கத்தில் நின்று பெருமையாகத் தலையைக் குனிந்துகொள்வேன். உடம்பு மெலிந்த ஆள், நெஞ்செலும்பு கொஞ்சம் முன்னால் தள்ளியிருக்கும், விரல்களைப் பின்பக்கமாக வளைத்தால் வளைந்துகொண்டே போகும். அதையெல்லாம் குறையென்று நினைக்க யாருக்குத் தோன்றும்?

பங்குனி உத்திரத்துக்குக் கீழப்பாவூர்க் குளத்தங்கரையில் நம் சாஸ்தா கோயிலுக்குப் போவது உனக்கு நினைவிருக்கும். அங்கே நம் வீட்டுக்கென்று ஒரு வழக்கம். பொங்கல் பொங்கி இறக்கியதும் பையன்களை வரிசையாக நிறுத்துவார்கள். கட்டைவிரலை உள்ளே மடக்கி மற்ற விரல்களால் மூடினால், அதன் நுனி மறுபக்கம் வெளியே எட்டிப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் அவன் நீட்டக்கைக்காரன். பின்னாளில் சாமியின் வல்லயம் அவன் கைக்குத்தான் வரும். அந்த ஈட்டியைப் பிடித்துக்கொண்டு சாமியாடுகிற உரிமை அவனுக்குத்தான். உனக்கு ஏழு வயதில் பார்த்தார்கள். கட்டைவிரல் நகம் முழுவதுமாக வெளியே வந்தது. உன் அத்தை குலவையிட்டாள். நீ ஒன்றும் புரியாமல் அந்தக் கையைத் தூக்கி எல்லோருக்கும் காட்டிக்கொண்டே ஓடினாய். நான் அழுதேன், சந்தோஷத்தில். நீ வயிற்றில் இருந்தபோதே உன் அத்தை என்னிடம், "ஏட்டி, ஒனக்கு நீட்டக்கைப் பிள்ளை பெறக்கலன்னா வல்லயம் பங்காளி வீட்டுக்குப் போயிரும், கேட்டியா" என்று சொல்லியிருந்தாள். அந்தப் பயத்தில் வெள்ளிக்கிழமை தவறாமல் நெய்விளக்கு ஏற்றி, இந்தக் கையை உனக்குக் கொடு என்று நான் சாமியிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

உன் சித்தப்பா முருகையாவை உனக்குச் சரியாக ஞாபகம் இருக்காது. உன்னைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு பாவூர்ச் சந்தையெல்லாம் சுற்றுவான். அண்ணனைவிட உயரம், அண்ணனைவிட மெலிவு. உன்னை வரிசையில் நிறுத்திய அதே உத்திரத்தன்று வல்லயம் அவன் கையில் இருந்தது. உச்சி வெயிலில் மேளத்துக்கு ஆடி, குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கோயில் முன்னால் நின்றான். "மைனி, தண்ணி" என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டான். செம்போடு நான் போவதற்குள் குப்புற விழுந்துவிட்டான். சாமி இன்னும் இறங்கவில்லை என்று எல்லோரும் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். மேளக்காரன்கூட நிறுத்தவில்லை. நான்தான் போய்ப் புரட்டினேன். கண் திறந்திருந்தது. கல்யாணமாகாத பிள்ளை. அன்றைக்கு உன் அத்தை தலையில் அடித்துக்கொண்டு அழுதபோது அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தது. "நீட்டக்கைக்காரன சாமி ரொம்ப நாளு இங்கன விட்டு வைக்காதுல்லா" என்றாள். நான் உன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தம்பியின் காலடியில் உட்கார்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் தெரிந்திருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, வாழ வந்த என்னைத் தவிர.

நயா பைசா புதிதாக வந்திருந்த சமயம், ஆனி கடைசி. குற்றாலத்தில் நல்ல சாரல், பேரருவியில் தண்ணீர் கொட்டுகிறது என்று உன் அப்பா லீவு போட்டார். எல்லோரும் போனோம். நீ எண்ணெய் பூசிய உடம்போடு வழுக்கி வழுக்கி ஓடியது, கடைக்காரன் துரத்தியது, இதெல்லாம் உனக்கே தெரியும். நான் பெண்கள் பக்கம் குளித்துவிட்டுக் கோயில் மதில் ஓரமாக நின்று தலை துவட்டிக்கொண்டிருந்தேன். உன் அப்பா தனியாக நடந்து வந்தார். நடை சரியில்லை. "முதுகுக்குள்ள யாரோ துணியக் கிழிக்க மாதிரி இருக்குட்டி" என்றார். எண்ணெய் தேய்த்துவிட்ட ஆள் பின்னாலேயே ஓடி வந்து, "அருவி அடி பலமா விழுந்திட்டு ஏட்டையா, வாயு பிடிச்சிருக்கும், சுக்குத் தண்ணி குடிங்க" என்றான். மண்டபத்துக் கல்லில் படுக்க வைத்தோம். சுக்குத் தண்ணீரை அவரால் விழுங்க முடியவில்லை. ஒரு வாடகைக் காரைப் பிடித்துத் தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "பயப்படாதட்டி" என்றார். இலஞ்சி தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. என் கையைச் சுற்றியிருந்த அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் என்னை இறக்கினார்கள். அருவியில் நிற்கிற எதுவோ அடித்துவிட்டது என்று ஊரில் பேசினார்கள். சாமி கூப்பிட்டுக்கொண்டது என்று உன் அத்தை சொன்னாள். டாக்டர் மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்.

அதன் பிறகு நான் குற்றாலம் போகவில்லை. பஸ்ஸில் ஏறினால் கால் மணி நேரம் ஆகாது, ஆனாலும் போகவில்லை. போகாவிட்டால் என்ன, சாரல் காற்று தென்காசிக்கு வந்துவிடுகிறது. அந்த ஈரக்காற்று முகத்தில் பட்டதும் என் மணிக்கட்டில் அந்தப் பிடி வந்து உட்கார்ந்துகொள்ளும். இன்றைக்கும் வருகிறது. சோறு வடிக்கும்போது வரும், ரேஷன் கடையில் நிற்கும்போது வரும். வேறு யாராவது சொன்னால் நானே சிரித்திருப்பேன். சந்தையில் உயரமாக ஒரு முதுகு தெரிந்தால் அது திரும்புகிற வரைக்கும் எனக்கு மூச்சு விட முடியாது. இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. நீ வளர்ந்தாய். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் படுத்திருப்பாய், கை பாயைத் தாண்டித் தரையில் கிடக்கும். நான் அடுக்களையிலிருந்து வருவேன், அது உன் கை என்று எனக்குத் தோன்றாது. வந்துவிட்டாரே என்று தோன்றும். அடுத்த நொடியில் நீ என்று தெரியும், அப்போது பயம் இன்னும் கூடும். உன் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே நிற்பேன். ஒரு தடவை நீ கண்ணைத் திறந்து, "என்னம்மா முறைக்கே?" என்று கேட்டாய். காபி வேண்டுமா என்று கேட்க வந்ததாகச் சொன்னேன்.

உன் கண்தான் கடைசியில் உண்மையைக் காட்டிக் கொடுத்தது. கண்ணாடி மாற்றி மாற்றிப் பார்த்தும் பள்ளிக்கூடத்துக் கரும்பலகை உனக்குத் தெரியவில்லை. பாளையங்கோட்டையில் ஒரு கண் டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். அவர் விளக்கை அடித்துத் திரும்பத் திரும்பப் பார்த்தார். கண்ணுக்குள் இருக்கிற வில்லை, இருக்க வேண்டிய இடத்தைவிட்டு மேலே நகர்ந்திருக்கிறது என்றார். பிறகு கண்ணை விட்டுவிட்டு உன் கையைக் கேட்டார். கட்டைவிரலை மடக்கி மூடச் சொன்னார். கீழப்பாவூர்க் குளத்தங்கரையில் குலவையிட்டுப் பார்த்த அதே சோதனையை ஒரு டாக்டர் மேஜையில் செய்து பார்க்கிறார். அங்கே நகம் வெளியே வந்ததும் உன் அத்தை சிரித்தாள். இவர் பேனாவைக் கீழே வைத்தார். "இவங்க அப்பா எப்படிம்மா இறந்தாரு?" என்று கேட்டார். உன்னை வெளியே உட்காரச் சொல்லவா என்றும் கேட்டார். நீ எழுந்திருக்கவில்லை.

அவர் சொன்னதை நீயும் கேட்டாய், ஆனாலும் எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். நம் உடம்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன செல்களால் ஆனது, அது செங்கல் மாதிரி. செங்கலை அடுக்கினால் மட்டும் சுவர் நிற்குமா? நடுவில் சாந்து வேண்டும். உடம்பிலும் செல்லுக்கும் செல்லுக்கும் நடுவில் நாரும் பசையுமாக ஒன்று இருக்கிறதாம். தோல் தொய்யாமல் இருப்பதும், எலும்பு அளவோடு வளர்ந்து நிற்பதும், கண்ணில் வில்லை தொங்குவதும், இருதயத்திலிருந்து கிளம்புகிற பெரிய ரத்தக்குழாய் ஒவ்வொரு துடிப்புக்கும் விரிந்து சுருங்குவதும் எல்லாமே அதன் பிடியால்தான். "ஒங்க வீட்டு ஆம்பிளைங்களுக்கு செங்கல்ல கொறை இல்லம்மா. சாந்துதான் இளக்கம்" என்றார். அந்த இளக்கத்தால் எலும்பு கட்டுக்குள் நிற்காமல் நீண்டுகொண்டே போகிறது, விரல் வளைகிறது, வில்லை நழுவுகிறது. பெரிய குழாயின் சுவர் உள்ளுக்குள்ளேயே நைந்து, ஒருநாள் பாரம் தூக்கும்போதோ துள்ளி ஆடும்போதோ கிழிந்துவிடுகிறது. துணியைக் கிழிக்கிற மாதிரி என்று உன் அப்பா சொன்னதை நான் சொன்னேன். டாக்டரம்மா தலையை மட்டும் ஆட்டினார். "இதுல எது கெட்டுப்போயிருக்குன்னு உள்ள போயி யாரும் இன்னும் முழுசாக் கண்டுபிடிக்கல, மருந்துன்னும் ஒண்ணு இல்ல" என்று ஒளிக்காமல் சொன்னார். நான் கேட்டேன், "அப்போ சாமின்னு சொல்லுதாங்களே?" "சாமியப் பத்தி நான் ஒண்ணுஞ் சொல்லலம்மா. சாந்தப் பத்திதான் சொல்லுதேன்" என்றார்.

என் முழங்கையில் கஞ்சி கொட்டி வெந்த தழும்பை நீ சின்ன வயதில் தடவித் தடவிப் பார்ப்பாய். அன்றைக்குத் திரும்பி வருகிற பஸ்ஸில் நான் அதைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். தோல் உரிந்து சதை தெரிய வெந்த இடத்தை என் உடம்பு தானே நார் பின்னி மூடியிருக்கிறது. யாரும் கேட்காமல், நெய்விளக்கு எதுவும் ஏற்றாமல். இப்போது எனக்கு வயதாகிக் கைத்தோல் சுருங்கித் தொங்குகிறது. அதுவும் அந்தச் சாந்து தேய்வதுதான் போலிருக்கிறது. எனக்கு ஐம்பதை நெருங்கும்போது வருகிற தேய்மானம் உனக்குப் பிறக்கும்போதே வந்துவிட்டது. அதற்கு உன்னையும் குற்றம் சொல்ல முடியாது, உன் அப்பாவையும் சொல்ல முடியாது. ஒன்றோடொன்று சம்பந்தமில்லை என்று நான் நினைத்திருந்த உன் கண், உன் சித்தப்பா குப்புற விழுந்தது, உன் அப்பாவின் முதுகு, வரப்பில் உட்கார்ந்த உன் தாத்தா, எல்லாம் ஒரே கோளாறு என்று தெரிந்தபோது எனக்கு ஆறுதலாக இருந்ததா, வயிறு எரிந்ததா என்று கேட்டால் இரண்டும்தான். என் பக்கத்தில் நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். ஆலங்குளம் தாண்டியதும், "யார்ட்டயும் சொல்லாண்டாம்மா" என்றாய். சரி என்றேன். அந்த வயதுப் பிள்ளையிடம் வேறு என்ன சொல்வது?

நீயும் ஒழுங்காகத்தான் இருக்கிறாய். பாரம் தூக்குவதில்லை, ஓடுவதில்லை, மெட்ராஸில் பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படமெடுத்துக் காட்டிக்கொள்கிறாய், குழாய் இதுவரை வீங்கவில்லை என்று எழுதுகிறாய். வல்லயத்தைத் தொட மாட்டேன் என்று உன் அத்தை முகத்துக்கு நேராகச் சொன்னாய், அந்தத் தைரியத்துக்கு நான் மனசுக்குள் உன்னைக் கும்பிட்டேன். ஆனால் கோமதி வீட்டில் நிச்சயம் பேச உட்கார்ந்த அன்றைக்கு நீ இல்லை. நான் இருந்தேன். உன் அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்து, "நீட்டக்கை வீடுன்னு கேட்டா சின்னப் பிள்ளையும் வழி சொல்லும்" என்று அதே வார்த்தையை எடுத்தாள். முழங்கால், ராஜ லட்சணம், எதுவும் விட்டுப்போகவில்லை. கோமதியின் அப்பா, பாவம், சாதுவான மனுஷன், "மாப்பிள்ளைக்குத் தகப்பனாரு எதுல தவறினாரு?" என்று கேட்டார். "குத்தாலத்துல வழுக்கி விழுந்துட்டாரு" என்றாள் உன் அத்தை. எனக்கு என் அப்பா அங்கே உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. கதவோரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பிள்ளை கோமதியாகவும் தெரிந்தாள், பதினேழு வயதில் நானாகவும் தெரிந்தாள். தாம்பூலத் தட்டு மாறியது. நான் வெற்றிலையைக் கையில் வாங்கிக்கொண்டு எழுந்து வந்தேன்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன்னிடம் சொன்னேன்; நீ பிறகு சொல்லிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனாய். பிறகு என்றால் எப்போது? அவள் வயிற்றில் பிள்ளை வந்த பிறகா, அந்தப் பிள்ளை கட்டைவிரலை மடக்கிக் காட்டுகிற அன்றைக்கா? போன செவ்வாய்க்கிழமை நான் சுந்தரபாண்டியபுரம் போனேன். ரவிக்கைக்கு அளவு வாங்க வந்ததாகச் சொன்னேன். கோமதியின் அம்மா எனக்குக் காபிக்குப் பால் வாங்க வெளியே போனாள். கோமதி முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். சாந்து, செங்கல், கண், ரத்தக்குழாய், பெறுகிற பிள்ளைக்கு வருவதும் வராததும் பாதிக்குப் பாதி, எதையும் விடவில்லை. நீ எழுபது வயது வரை இருந்தாலும் இருக்கலாம், அதையும் சொன்னேன். அவள் கீரை உருவுவதை நிறுத்தவே இல்லை. குச்சியெல்லாம் ஒரு பக்கம், இலையெல்லாம் ஒரு பக்கம்.

"அவங்களுக்குத் தெரியுமா அத்தை?" என்று கேட்டாள்.

"தெரியும்" என்றேன்.

"தெரிஞ்சுமா என்ட்ட சொல்லல?"

"பயப்படுதான். நீ வேண்டாம்னுருவியோன்னு."

அவள் வாத்தியார் வேலைக்குப் படித்தவள், கேள்வியைச் சுற்றி வளைக்கத் தெரியவில்லை. "நீங்க மொதல்லயே இதத் தெரிஞ்சிருந்தா மாமாவக் கட்டியிருப்பீங்களா?" என்றாள்.

எய்யா, உன் அப்பா போனதிலிருந்து அந்தக் கேள்வி என் பின்னாலேயே வந்துகொண்டிருக்கிறது. நான் திரும்பிப் பார்க்காமல் நடந்துகொண்டிருந்தேன். இந்தச் சின்னப் பெண் முன்னால் வந்து நின்றுவிட்டாள். அவளிடம் பொய் சொல்வதாக இருந்தால் அவ்வளவு தூரம் பஸ் ஏறிப் போயிருக்க வேண்டாம். "கட்டியிருக்க மாட்டேன்" என்றேன். "எங்க அப்பா கட்டிக் குடுத்திருக்கவும் மாட்டாரு. வேற வீட்டுக்குப் போயிருப்பேன். சங்கரலிங்கம்னு ஒருத்தன் எனக்குப் பெறந்திருக்கலாம்னே எனக்குத் தெரியாமப் போயிருக்கும். அதுல எனக்கு ஒரு வருத்தமும் இருந்திருக்காது. அதத்தான் என்னால தாங்க முடியல" என்றேன். சொல்லிவிட்டு அழுதுவிட்டேன். பிள்ளையைப் பெற்றவள் இப்படியா எழுதுவாள் என்று உனக்கு இருக்கும். உன்னை நான் எப்படி வளர்த்தேன் என்று உனக்குத் தெரியும், அதனால் இதையும் நீ தாங்கிக்கொள்வாய் என்று நம்பி எழுதுகிறேன்.

அவள் கீரையை முறத்தில் அள்ளி வைத்துவிட்டு எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "எங்க அம்மாட்டயும் அப்பாட்டயும் இப்பம் சொல்ல மாட்டேன்" என்றாள். "ஞாயித்துக்கெழம அவங்கள வரச் சொல்லுங்க. நீங்க சொன்னத அவங்க வாயால ஒருக்கச் சொல்லட்டும். பொறவு நான் என் பதிலச் சொல்லுதேன்." என்ன பதில் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. அதற்குள் அவள் அம்மா பாலோடு வந்துவிட்டாள். ரவிக்கை அளவு வாங்கிக்கொண்டு, காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை கொல்லம் ரயிலில் ஏறு. விடிந்ததும் தென்காசியில் இறங்கி, வீட்டுக்கு வராமல் நேரே சுந்தரபாண்டியபுரம் போ. என்னைத் திட்ட வேண்டுமென்றால் அங்கே போய்விட்டு வந்து திட்டு; போகிற வழியிலேயே திட்ட ஆரம்பித்தால் அவளிடம் சொல்ல வேண்டியது மறந்துபோகும். அவள் வேண்டாம் என்றால் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் கும்பிட்டுவிட்டு எழுந்து வா. அவள் சரி என்று சொல்லிவிட்டால் அப்போதும் அவசரப்பட்டுச் சந்தோஷப்படாதே, நன்றாக யோசித்தாயா என்று இன்னொரு தடவை கேள். என்னை யாரும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

அம்மா